மூன்று மணிக்கு மேல் என்ன செய்வது?

பள்ளிக்கூட மணி மூன்று மணிவாக்கில் அடித்துவிடுகிறது. அம்மாவும் அப்பாவும் வேலை முடிந்து வீடு திரும்ப ஆறு மணி ஆகிறது. நடுவில் இருக்கும் அந்த மூன்று மணி நேரத்துக்கு யார் பொறுப்பு? பள்ளிக்கூடமா, பெற்றோரா, ஊரை நிர்வாகம் செய்பவர்களா?

அமெரிக்க நகரங்களில் இது ரொம்ப நாளாக இருக்கும் கேள்வி. பள்ளி நாட்களில் சிறுவர்கள் செய்யும் வன்முறைக் குற்றங்கள், பள்ளி விட்டவுடன் வரும் நேரத்தில்தான் உச்சத்துக்குப் போகின்றன என்று அந்நாட்டு நீதித் துறையின் புள்ளிவிவரங்களே காட்டியிருக்கின்றன. ஆனால் "பையன்கள் கெட்டுப்போகாமல் அடைத்து வைக்க வேண்டும்" என்ற கோணத்தில் மட்டும் இதைப் பார்ப்பதில் எனக்கு உடன்பாடில்லை. காசு இருக்கிற வீட்டுப் பிள்ளை அந்த நேரத்தில் பியானோவோ நீச்சலோ கற்றுக்கொள்கிறது. காசு இல்லாத வீட்டுப் பிள்ளை டிவி முன்னால் உட்காருகிறது. ஒரு நாளைக்கு மூன்று மணி நேரம் என்றால் பள்ளிப் பருவம் முழுவதற்கும் எவ்வளவு ஆகும்? கணக்குப் போட்டுப் பாருங்கள், பயமாக இருக்கும்.

சரி, நகர அரசு என்ன செய்ய முடியும்? உடனே "அரசே வகுப்பு நடத்தட்டும்" என்று சொல்லத் தோன்றும். என்னைக் கேட்டால் அது தேவையில்லை. வகுப்பு நடத்த ஆட்கள் ஏற்கெனவே இருக்கிறார்கள். இல்லாதது வேறு. அதற்கு நல்ல உதாரணம் பிராவிடன்ஸ்.

பிராவிடன்ஸ், ரோட் ஐலண்ட் மாநிலத்தின் தலைநகர். 2020 கணக்குப்படி மக்கள்தொகை சுமார் 1.9 லட்சம், ஏழைக் குடும்பங்கள் நிறைய. அங்கே டேவிட் சிசிலினி மேயராக இருந்தபோது, 2004-ல் பிராவிடன்ஸ் ஆஃப்டர் ஸ்கூல் அலையன்ஸ் என்ற அமைப்பு தொடங்கப்பட்டது. ஆறு முதல் எட்டு வரை படிக்கும் பிள்ளைகளுக்காக நகரத்தைச் சில வட்டாரங்களாகப் பிரித்தார்கள். வட்டாரத்தின் மையம் அங்குள்ள பள்ளிக்கூடம். அதைச் சுற்றி நூலகம், விளையாட்டு மையம், தொண்டு நிறுவனங்கள். ஓவியம், படகு ஓட்டுவது, கடல் அறிவியல் என்று வகுப்புகளை நடத்தியவர்கள் அந்த நிறுவனங்கள்தான். பிள்ளைகளிடம் கட்டணம் வாங்கவில்லை.

அமைப்பு செய்தது எல்லாம் வெளியே தெரியாத வேலை. எந்தப் பிள்ளை எத்தனை நாள் வந்தது என்று கணக்கு வைத்தார்கள். சாயங்காலம் வீட்டுக்குப் போக பஸ் விட்டார்கள். பஸ் சின்ன விஷயம் என்று நினைக்காதீர்கள். குளிர்காலத்தில் அந்த ஊரில் ஐந்து மணிக்கெல்லாம் இருட்டிவிடும். பஸ் இல்லையென்றால், எவ்வளவு நல்ல வகுப்பாக இருந்தாலும் கார் இல்லாத வீட்டுப் பிள்ளை வராது. அவ்வளவுதான்.

இன்னொன்று தரம். அதை அளக்க ஒரு பட்டியல் வைத்திருந்தார்கள். வகுப்புக்கு நேரில் போய் உட்கார்ந்து பார்ப்பார்கள். இடம் பாதுகாப்பாக இருக்கிறதா? சொல்லித் தருபவர் பிள்ளைகளை உற்சாகப்படுத்துகிறாரா? பிள்ளைகள் தாங்களாகத் திட்டமிடவும் தேர்ந்தெடுக்கவும் வாய்ப்பு இருக்கிறதா? மதிப்பெண் போட்டுத் தண்டிப்பது நோக்கமில்லை. எங்கே திருத்தலாம் என்று உட்கார்ந்து பேசி, அதற்குத் தகுந்த பயிற்சியும் கொடுப்பார்கள். எனக்கு ரொம்பப் பிடித்தது இதுதான்.

பலன் இருந்ததா? 2011-ல் வெளியான ஓர் ஆய்வு இதைப் பரிசோதித்தது. கலந்துகொண்ட பிள்ளைகள் பள்ளிக்கு மட்டம் போடுவது குறைந்திருந்தது. ஆனால் மற்றவர்களோடு பழகுவதில் முதல் வருடம் தெரிந்த முன்னேற்றம் அடுத்த வருடம் மங்கிவிட்டது. வருடம் முழுக்கத் தொடர்ந்து வந்த பிள்ளைகளும் குறைவு. "பார்த்தீர்களா, வீண் செலவு" என்று இதை வைத்து ஒருவர் சொல்லலாம். நான் எதிர்ப்பக்கம் நிற்கிறேன். சில வாரங்கள் வந்ததற்கே பள்ளி வருகை கூடுகிறது என்றால், பிள்ளைகளைத் தொடர்ந்து வரவைக்க வழி தேடுவதுதானே புத்திசாலித்தனம்?

தொடர்ந்து வர வேண்டுமானால் சொல்லித் தருபவர் நிலைக்க வேண்டும். அடுத்த வருடம் வேலை இருக்குமா என்று தெரியாதவர் எப்படி நிலைப்பார்? இந்த இடத்தில் நியூயார்க் ஒரு பாடம். 2005-ல் மேயர் ப்ளூம்பெர்க் காலத்தில் நகரம் முழுக்க இப்படி ஒரு திட்டம் தொடங்கினார்கள். பெரிய முயற்சிதான். ஆனால் 2012-ல் பட்ஜெட்டில் பலமாக வெட்டப் பார்த்தார்கள். பெற்றோரும் பிள்ளைகளும் தெருவில் இறங்கிக் கத்திய பிறகு நகர மன்றம் பணத்தைத் திரும்பப் போட்டது. 2014-ல் புதிய மேயர் டி ப்ளாசியோ மாநிலப் பணத்தோடு நடுநிலைப் பள்ளிகளுக்கு விரிவுபடுத்தினார். நல்லது. ஆனால் ஒரு மேயர் வெட்டப் பார்ப்பார், இன்னொருவர் கொடுப்பார் என்றால் அது திட்டமா, லாட்டரியா?

காலை பத்து மணிக்கு நடக்கும் கணக்கு வகுப்பு அடுத்த வருடம் இருக்குமா என்று யாரும் கேட்பதில்லை. மாலை நான்கு மணிக்கு நடக்கும் வகுப்புக்கும் அந்த நிச்சயம் வேண்டும். அதைக் கொடுப்பதுதான் நகர அரசின் முதல் வேலை. அடுத்தது பஸ், அப்புறம் தரம் பார்க்கும் ஆட்கள். புதுக் கட்டடம் கட்டி ரிப்பன் வெட்டுவதை எல்லாம் அதற்கப்புறம் வைத்துக்கொள்ளலாம்.