கொடிகள் பல, மேசை ஒன்று!

ஓர் ஆலைக்கு ஒரு சங்கமா, பல சங்கங்களா? தொழிலாளர் இயக்கத்தின் இந்தப் பழைய கேள்வியை, 2025 நவம்பர் 21-ல் நடைமுறைக்கு வந்த தொழிலுறவுச் சட்டத் தொகுப்பு மீண்டும் ஆலை வாசலுக்கு இழுத்து வந்திருக்கிறது. இது சட்டப் பண்டிதர்களின் விவகாரம் என்று சிங்காநல்லூர்த் தோழர்கள் ஒதுக்கிவிடலாகாது.

இதற்கு விடை தேட, கப்பல் தொழிலாளரின் கதையைப் பார்ப்போம். கடலில்லாத கொங்கு நாட்டுக்கு அந்தக் கதை எதற்கு என்று கேட்கலாம். கப்பல் விட்ட வ. உ. சிதம்பரனார்தான் 1908-ல் தூத்துக்குடி கோரல் மில் வேலைநிறுத்தத்துக்குத் தலைமை தாங்கினார். அவர் செக்கிழுத்தது நம் கோவைச் சிறையில்! கப்பலும் ஆலையும் நமக்கு அந்நியமல்ல.

அமெரிக்காவில் 1937-ல் ஜோசப் கர்ரன் தலைமையில் தேசியக் கடல் தொழிலாளர் சங்கம் பிறந்தது. மறு ஆண்டே ஹாரி லண்டபர்க் தலைமையில் சர்வதேச மாலுமிகள் சங்கம் எதிர்முகாமாக எழுந்தது. எந்தக் கப்பல் எந்தச் சங்கத்துக்கு என்று பல்லாண்டுகள் மோதினார்கள். போட்டியால் நன்மையே இல்லை என்று சொல்லமாட்டோம். ஒரு சங்கம் கூலி உயர்வு பெற்றால் மற்றது சும்மா இருக்க முடியாதல்லவா? ஆனால் முதலாளிகள் என்ன செய்தார்கள்? பனாமா, லைபீரியா நாட்டுக் கொடிகளை ஏற்றிக்கொண்டு, கூலி மலிந்த நாடுகளில் ஆள் பிடித்தார்கள். சங்கக் கொடிகள் மோதிக்கொண்டிருந்தன. கப்பல் வேறு கொடிக்குப் போய்விட்டது! 2001-ல் இரு சங்கங்களும் ஒன்றாயின. அதற்குள் அமெரிக்கக் கொடிக் கப்பல்களே அருகிவிட்டன.

இந்தியாவிலும் மும்பையில் தேசிய மாலுமிகள் சங்கம், கொல்கத்தாவில் பார்வர்டு மாலுமிகள் சங்கம் என்று இரண்டு உண்டு. ஆனால் தேசியக் கடல்சார் வாரியத்தில் இரண்டும் முதலாளிகளுக்கு எதிரே ஒரே மேசையில் அமர்ந்து கூலி ஒப்பந்தத்தில் கையெழுத்திடுகின்றன. கொடி வேறு, மேசை ஒன்று!

நம் ஊருக்கு வருவோம். சுதந்திரத்துக்கு முன்பே என். ஜி. ராமசாமி தொழிலாளரைத் திரட்டிய மண் இது. 1946 ஜனவரி 8-ல் சின்னியம்பாளையம் தோழர்கள் நால்வர் தூக்குமேடை ஏறிய மண் இது. ஏ.ஐ.டி.யு.சி. இருந்த இடத்தில் 1947-ல் ஐ.என்.டி.யு.சி., 1948-ல் எச்.எம்.எஸ்., 1970-ல் சி.ஐ.டி.யு., தொ.மு.ச. என்று கொடிக்கம்பங்கள் பெருகின. கட்சி பிளந்தபோது சங்கமும் பிளந்தது. மில் சங்கு மட்டும் எல்லோருக்கும் ஒன்றாகவே ஊதியது. 2020-ல் தேசியப் பஞ்சாலைக் கழக ஆலைகள் நின்றபோது, கொடி பார்த்தா கதவு அடைபட்டது?

இப்போது புதிய சட்டத்தின் கணக்கைப் பாருங்கள். ஆலைப் பதிவேட்டிலுள்ள தொழிலாளரில் நூற்றுக்கு 51 பேரின் ஆதரவு பெற்ற சங்கமே தனித்துப் பேசலாம். அப்படி ஒரு சங்கம் இல்லையென்றால் பேச்சுவார்த்தைக் குழு அமையும். நூற்றுக்கு 20 பேரின் ஆதரவாவது இருந்தால்தான் அதில் இடம். ஆறு சங்கங்கள் ஆளுக்குப் பதினாறு பேரைப் பிரித்துக்கொண்டால்? ஒரு சங்கத்துக்கும் நாற்காலி கிடையாது! முதலாளி எதிரில் ஆளில்லாமல் தனியே உட்கார்ந்து முடிவெடுப்பார். ஒப்பந்தக்காரர் அழைத்துவரும் வெளிமாநிலத் தொழிலாளியோ எந்தக் கணக்கிலும் சேராமல் நிற்பார். மலிவுக் கொடி தேடிய கப்பல் முதலாளியின் தந்திரம் தரையிலும் செல்லும் என்பதை மறக்கவேண்டாம்.

கொடிகளை இறக்கச் சொல்லவில்லை. தலைவர்களிடம் நாம் கேட்பவை மூன்று. ஆதரவை ரகசிய வாக்கெடுப்பால் அளக்கச் சொல்லுங்கள். பேச்சுவார்த்தைக்கு முன்பே பொதுக் கோரிக்கையில் உடன்பாடு காணுங்கள். ஒப்பந்தத் தொழிலாளியையும் உறுப்பினராக்குங்கள். கப்பல் போன பிறகு கைகோத்துப் பயன் என்ன? ஆலை இருக்கும்போதே அமருங்கள், ஒரே பக்கத்தில்!