மலையில் இறங்கும் நேரம்

குன்றக்குடியையும் பிரான்மலையையும் விட்டால் காரைக்குடிப் பக்கத்தில் அண்ணாந்து பார்க்க மலை என்று பெரிதாக எதுவும் இல்லை. அதனாலோ என்னவோ, புது பைக் வாங்கிய கையோடு நம் ஊர் இளைஞர்களுக்கு முதலில் நினைவுக்கு வருவது கொடைக்கானல்தான். திருப்பத்தூர், சிங்கம்புணரி, நத்தம், திண்டுக்கல், வத்தலகுண்டு வழியாக ஏறத்தாழ 200 கிலோமீட்டர். சனிக்கிழமை கடை அடைத்த பிறகு, அல்லது ஷிப்ட் முடிந்த பிறகு, இரவு பதினோரு மணி வாக்கில் கிளம்புவார்கள். விடியும்போது மலையடிவாரத்தில் ஒரு டீ. பகல் முழுவதும் மேலே சுற்றிவிட்டு, ஞாயிறு மாலை வெளிச்சம் மங்கும் நேரத்தில் இறங்கத் தொடங்கி, எப்படியாவது நள்ளிரவுக்குள் வீடு சேர வேண்டும். திங்கள் காலை வேலைக்குப் போக வேண்டும். மலைப்பாதையில் பைக் விபத்து என்றதும் நாம் வேகத்தைப் பற்றிப் பேசுகிறோம், ஹெல்மெட்டைப் பற்றிப் பேசுகிறோம். இரண்டும் பேச வேண்டியவைதான். ஆனால் அந்தப் பயணத்தின் பெரும்பாலான ஆபத்து, வண்டியைக் கிளப்புவதற்கு முன்பே, இந்த ஒரு நாள் கணக்கைப் போட்டபோதே முடிவாகிவிடுகிறது என்பது என் வாதம்.

முதலில் தூக்கம். ஆஸ்திரேலிய ஆய்வாளர்கள் இருவர் 1997-இல் 'நேச்சர்' இதழில் வெளியிட்ட ஆய்வு ஒன்று இத்துறையில் இன்றும் மேற்கோள் காட்டப்படுகிறது. தொடர்ந்து 17 மணி நேரம் விழித்திருப்பவரின் கை-கண் ஒத்திசைவு, ரத்தத்தில் 0.05 சதவீதம் ஆல்கஹால் உள்ளவரின் அளவுக்குக் குறைந்துவிடுகிறது என்று அதில் காட்டினார்கள். நம் மோட்டார் வாகனச் சட்டம் அனுமதிக்கும் உச்சவரம்பு 100 மில்லி ரத்தத்தில் 30 மில்லிகிராம், அதாவது 0.03 சதவீதம். சனிக்கிழமை காலை ஆறு மணிக்கு எழுந்தவர் இரவு பதினோரு மணிக்கு பைக்கை எடுக்கிறார் என்றால், ஒரு சொட்டு குடிக்காமலே அவர் அந்த வரம்பைத் தாண்டிய ஒருவரின் நிலையில்தான் காரைக்குடியை விட்டே கிளம்புகிறார். வாயில் கருவி வைத்து ஊதச் சொல்லும் போலீஸ்காரருக்கு இது தெரியாது. வண்டி ஓட்டுபவருக்கும் தெரியாது என்பதுதான் கொடுமை. தூக்கக் கலக்கத்தில் இருப்பவருக்குத் தன் கலக்கத்தின் அளவு தெரிவதில்லை. சமதரைச் சாலையில் இந்தத் தடுமாற்றத்தைத் தாங்கிக்கொள்ளக் கொஞ்சம் இடம் இருக்கும். மலைப்பாதையில் அந்த இடம் ஒரு பக்கம் பாறையாகவும் மறுபக்கம் பள்ளமாகவும் இருக்கிறது.

அடுத்தது இறக்கம். ஏறும்போது வண்டி திணறும், எஞ்சின் சத்தம் போடும். ஓட்டுபவர் தானாகவே கவனமாகிறார். இறங்கும்போது எல்லாம் சுலபமாக நடப்பதுபோல் தோன்றும். கொடைக்கானல் கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 2,100 மீட்டர் உயரம், வத்தலகுண்டு 300 மீட்டர் சொச்சம். பைக்கும் அதில் இருவரும் சேர்ந்து 270 கிலோ என்று வைத்துக்கொண்டால், 1,700 மீட்டர் இறங்கும்போது வெளிப்படும் ஆற்றல் ஏறத்தாழ 15 லிட்டர் தண்ணீரைக் கொதிக்க வைக்கப் போதுமானது. இதில் ஒரு பகுதியைக் காற்றும் டயர் உராய்வும் எடுத்துக்கொள்ளும். மிச்சத்தை ஏற்க இரண்டே ஆட்கள்: எஞ்சின் அல்லது பிரேக். பஸ், லாரி ஓட்டுநர்கள் காலங்காலமாகச் சொல்லும் விதி, எந்த கியரில் ஏறினாயோ அதே கியரில் இறங்கு என்பது. எஞ்சினே வண்டியைப் பிடித்து நிறுத்தும் வேலையில் பாதியைச் செய்துவிடும் என்பதுதான் அதன் பொருள். நம் பிள்ளைகளில் பலர் பெட்ரோல் மிச்சம் என்று நியூட்ரலில் போட்டு உருட்டுகிறார்கள். சிலர் எஞ்சினையே நிறுத்திவிடுகிறார்கள். அப்போது மொத்தச் சூடும் பிரேக்கின் தலையில் விழுகிறது. டிரம் பிரேக்கில் ஷூ சூடேறினால் பிடிமானம் போய்விடும். டிஸ்க் பிரேக்கில் வேறு சிக்கல்: பிரேக் ஆயில் காற்றிலிருந்து ஈரத்தை உறிஞ்சும் தன்மையுடையது. 'டாட் 4' வகை ஆயிலின் கொதிநிலை புதிதாக இருக்கும்போது குறைந்தது 230 டிகிரி செல்சியஸ். ஈரம் ஏறிய பிறகு 155 வரை இறங்கிவிடலாம். ஆயில் கொதித்து ஆவி கட்டினால் லீவர் கைப்பிடியோடு ஒட்டிக்கொள்ளும், வண்டி நிற்காது. ஊருக்குள் ஓட்டும்வரை இந்தக் குறை வெளியே தெரியவே தெரியாது. கியர் இல்லாத ஸ்கூட்டரில் சிக்கல் இன்னும் கூடுதல். வேகம் குறைந்ததும் அதன் கிளட்ச் தானே விடுபட்டுவிடும், எஞ்சின் பிடிமானம் கிடைக்காது. இதற்கெல்லாம் மாற்று இருக்கிறது: வழியில் இரண்டு மூன்று இடங்களில் கால் மணி நேரம் நிறுத்தி பிரேக்கை ஆறவிடுவது. ஆனால் நள்ளிரவுக்குள் வீடு சேர வேண்டும் என்று கணக்குப் போட்டவரிடம் அந்தக் கால் மணி நேரம் இருப்பதில்லை.

மூன்றாவது இருட்டு. மத்திய சாலைப் போக்குவரத்து அமைச்சகத்தின் கணக்குப்படி 2022-இல் இந்தியச் சாலைகளில் இறந்தவர்கள் 1,68,491 பேர். அதில் ஏறத்தாழ 44 சதவீதம் பேர் இருசக்கர வாகனத்தில் வந்தவர்கள். அந்த ஆண்டு விபத்துகளின் எண்ணிக்கையில் முதலிடம் தமிழ்நாட்டுக்கு: 64,105. அதே அமைச்சகம் விபத்துகளை நேரவாரியாகவும் பிரித்துக் காட்டுகிறது. மாலை ஆறிலிருந்து ஒன்பது வரையிலான மூன்று மணி நேரம்தான் ஆண்டுக்கு ஆண்டு பட்டியலின் உச்சியில் இருக்கிறது. நம் ஆட்கள் மலையிறங்கும் நேரம் அதுவேதான். அதோடு பனிமூட்டம், ஐப்பசி கார்த்திகையில் அடைமழை, பாறையிலிருந்து சரிந்து கிடக்கும் ஈர மண், கொடைக்கானல் சாலையில் சாவகாசமாகக் குறுக்கே நிற்கும் காட்டெருமை. திம்பம் மலைப்பாதையில் இரவுப் போக்குவரத்துக்கு 2022-இல் உயர் நீதிமன்றம் கட்டுப்பாடு விதித்தபோது காட்டு விலங்குகளுக்காக மனிதர்களை வதைக்கிறார்கள் என்று பெரிய கூச்சல் எழுந்தது. அந்த 27 கொண்டை ஊசி வளைவுகளில் இரவில் போகாததால் பிழைத்த மனிதர்களுக்கும் ஒரு கணக்கு இருக்கத்தான் வேண்டும். அதை யாரும் எடுப்பதில்லை.

இவ்வளவையும் மீறி விழுந்துவிட்டால் என்ன ஆகிறது என்பதற்கு ஒரு கார் விபத்தைத்தான் சான்றாகச் சொல்ல வேண்டியிருக்கிறது. 2018 அக்டோபரில் சென்னையிலிருந்து உதகைக்கு வந்த ஏழு பேர், 36 கொண்டை ஊசி வளைவுகள் கொண்ட கல்லட்டி மலைப்பாதையில் மசினகுடி நோக்கி இறங்கினார்கள். கார் பள்ளத்தில் கவிழ்ந்தது. மேலே சாலையில் வண்டிகள் போய்க்கொண்டே இருந்தன. கீழே புதரில் கிடந்த கார் யார் கண்ணிலும் படவில்லை. தங்கியிருந்த விடுதிக்கு அவர்கள் திரும்பாததால்தான் தேடல் தொடங்கியது. இரண்டு நாள் கழித்துக் கண்டுபிடித்தபோது ஐந்து பேர் இறந்திருந்தார்கள். இருவர் மட்டும் உயிரோடு மீட்கப்பட்டார்கள். விபத்தில் சிக்கியவருக்கு முதல் 48 மணி நேரச் சிகிச்சை இலவசம் என்கிற 'இன்னுயிர் காப்போம்' திட்டத்தைத் தமிழக அரசு 2021 டிசம்பரில் கொண்டுவந்தது. அருமையான திட்டம். ஆனால் கல்லட்டியில் ஏறத்தாழ அந்த 48 மணி நேரமும் பள்ளத்திலேயே கழிந்திருந்தது. ஒரு காரையே காணாமல் அடிக்கும் சரிவில் ஒரு பைக் எம்மாத்திரம்? விடுதி என்று ஒன்று இருந்ததால் அவர்களைத் தேட ஆள் இருந்தது. அன்றே போய் அன்றே திரும்பும் பைக்காரருக்கு அதுவும் கிடையாது. போதாக்குறைக்கு, வீட்டில் கொடைக்கானல் என்று சொன்னால் விடமாட்டார்கள் என்பதால் மதுரையில் நண்பன் வீட்டுக் கல்யாணம் என்று சொல்லிவிட்டுக் கிளம்புகிற வழக்கம் இருக்கிறதே, அது தேடுகிறவர்களை வேறு திசைக்கு அனுப்பிவிடும். பிள்ளைகள் பொய் சொல்கிறார்கள் என்று திட்டுவதைவிட, சொன்னால் விடுவோம் என்ற நம்பிக்கையைப் பெற்றோர் தருவது பயனுள்ளது. ஆல்ப்ஸ் மலைக் குடில்களில் தங்குபவர்கள் அடுத்து எங்கே போகிறார்கள் என்று அங்குள்ள பதிவேட்டில் எழுதிவிட்டுப் போகும் வழக்கம் உண்டு. ஒருவர் போய்ச் சேரவில்லை என்றால் எங்கிருந்து தேடத் தொடங்குவது என்பது அதனால் தெரிகிறது.

நேரத்தை ஒதுக்கிப் பயணம் போவது நமக்குப் புதிதும் அல்ல. தைப்பூசத்துக்குக் குன்றக்குடியிலிருந்து பழனிக்கு நகரத்தார் காவடி போவது இதே சிங்கம்புணரி, நத்தம், திண்டுக்கல் வழியாகத்தான். பல தலைமுறையாக நடக்கும் அந்தப் பயணத்தில் எந்த இரவு எந்த ஊரில் தங்குவது என்பது முன்பே முடிவானது. யார் முன்னே போவது, தளர்ந்தவரை யார் பார்த்துக்கொள்வது என்பதற்கெல்லாம் முறை உண்டு. முக்கியமாக, மரபுப்படி காவடி திரும்பி வருவதும் நடந்தேதான். போவதற்கு நாள் குறிப்பதைப் போலவே திரும்புவதற்கும் நாள் குறித்திருக்கிறார்கள். பைக் பயணத் திட்டத்தில் காணாமல் போவது இந்தத் திரும்பும் நாள்தான்.

லீவு கிடைக்காதே என்பார்கள். உண்மைதான்; ஜவுளிக்கடையிலும் பட்டறையிலும் வேலை செய்பவருக்கு ஞாயிறைத் தவிர வேறு நாள் கிடையாது. அப்படியானால் ஒரு நாளுக்கு ஏற்ற மலைக்குப் போகலாம் என்பதே என் பதில். திண்டுக்கல்லை ஒட்டிய சிறுமலைக்குக் காரைக்குடியிலிருந்து கொடைக்கானல் தூரத்தில் பாதிக்குச் சற்றே கூடுதல்தான். கொண்டை ஊசி வளைவுகள் 18. இரவு வீட்டில் தூங்கி, விடிகாலையில் கிளம்பி, மூன்று மணிக்கெல்லாம் இறங்கிவிடலாம். கொடைக்கானல்தான் வேண்டும் என்றால் பஸ் இருக்கிறது; பைக்கில் போனால்தான் பயணம் என்று எந்தச் சாத்திரமும் இல்லை. மலைவாசிகள் ராத்திரி பகல் பாராமல் அதே சாலையில் போய்வருகிறார்களே என்றும் கேட்பார்கள். அவர்களுக்கு எந்த வளைவில் மண் சரியும், எந்த இடத்தில் யானை இறங்கும் என்பது அத்துப்படி. அதற்கும் மேலாக, அவர்கள் 200 கிலோமீட்டர் ஓட்டிவிட்டு வந்து இறங்குவதில்லை. அந்தச் சாலையில் நாம் விருந்தாளிகள். ஏறிவரும் வண்டிக்கு இறங்கும் வண்டி வழிவிட வேண்டும் என்பது சட்டவிதியே என்றாலும், சமதரையில் ஓட்டிப் பழகிய நம்மில் எத்தனை பேருக்கு அது தெரியும்?

இன்னொரு தரப்பு, எல்லாப் பொறுப்பையும் பயணியின் தலையில் கட்டாதீர்கள், சாலையைச் சரிசெய்யச் சொல்லுங்கள் என்கிறது. தடுப்புச் சுவரும் குவியாடியும் ஒளிரும் பட்டைகளும் கட்டாயம் வேண்டும். அதில் எனக்கு மறுப்பில்லை. ஆனால் ஓரத்தில் பதிக்கும் இரும்புத் தடுப்பு காரின் எடைக்கும் உயரத்துக்கும் கணக்கிட்டுச் செய்தது. காரை அது பிடித்து நிறுத்தும். மோதும் பைக் நின்றுவிடும், ஓட்டியவர் தடுப்பைத் தாண்டிப் போய் விழுவார். தடுப்பு எவ்வளவு பலமாக இருந்தாலும் தூக்கக் கலக்கத்தையும் கொதித்த பிரேக் ஆயிலையும் அது ஒன்றும் செய்துவிட முடியாது.

அரசிடம் கேட்க வேண்டியது வேறொன்று இருக்கிறது, அதற்குச் செலவும் அதிகமில்லை. சென்னை உயர் நீதிமன்ற உத்தரவின்படி 2024 மே 7 முதல் கொடைக்கானலுக்கும் உதகைக்கும் போகும் வெளியூர் வாகனங்களுக்கு இ-பாஸ் கட்டாயம். 2025 கோடையில் எண்ணிக்கைக்கும் உச்சவரம்பு வைக்கப்பட்டது. கொடைக்கானலுக்கு வார நாள்களில் 4,000, வார இறுதியில் 6,000 வாகனங்கள். மலை எத்தனை வண்டிகளைத் தாங்கும் என்ற கேள்விக்காக வந்த ஏற்பாடு இது. மேலே ஏறும் வண்டியை எண்ணுவதே அதன் நோக்கம். ஏறியவர் இறங்கினாரா என்று அது கவலைப்படுவதில்லை. அதே விண்ணப்பத்தில் பைக்காரர்களிடம் இன்னும் இரண்டு விவரங்கள் கேட்கலாம்: எத்தனை மணிக்கு இறங்குவதாக உத்தேசம், வீட்டில் யாருடைய கைபேசி எண். குறித்த நேரத்துக்கு மூன்று மணி நேரம் தாண்டியும் அவர் இறங்கியதாகச் சோதனைச்சாவடியில் பதிவு விழவில்லை என்றால், அந்த எண்ணுக்கு ஒரு குறுஞ்செய்தி போனால் போதும். பெரும்பாலும் அறையில் தூங்கிக்கொண்டிருப்பார். வீட்டுக்காரர்கள் கூப்பிட்டுக் கேட்டு நிம்மதியடைவார்கள். எடுக்கவில்லை என்றால் 112-ஐ அழைக்கும்போது எந்தச் சாலை, எத்தனை மணி என்று சொல்ல அவர்கள் கையில் விவரம் இருக்கும். குடிமக்களின் நடமாட்டத்தை அரசு வேவு பார்க்க இது வழிவகுக்கும் என்ற அச்சம் நியாயமானதே. இறங்கிய பதிவு விழுந்த மறுநாளே அந்த இரு விவரங்களையும் அழித்துவிட வேண்டும் என்றும், விருப்பப்பட்டவர் மட்டும் நிரப்பினால் போதும் என்றும் விதி வைக்கலாம். விருப்பத்துக்கு விட்டால் யார் நிரப்புவார்கள் என்றால், வீட்டில் கொடைக்கானல் என்று உண்மையைச் சொல்லிவிட்டு வந்தவர்கள் நிரப்புவார்கள். மற்றவர்களும், அந்தக் கேள்வியைப் பார்த்ததும் இறங்கும் மணியை ஒருமுறை யோசித்தாக வேண்டியிருக்கும்.