செவியில் விதைத்ததே நாவில் விளையும்

இசைக்கு மொழியில்லையாம்! தமிழிசை வேண்டுமென்று நாம் கேட்கும்போதெல்லாம் நம் வாயை அடைக்க வீசப்படும் சொல் இது. மெட்டமைப்பவன் உள்ளத்தில் இசை தானே ஊறுகிறதாம். அதில் தமிழென்றும் தெலுங்கென்றும் பிரிப்பது குறுகிய நோக்காம்!

தானே ஊறுமா? மேலைநாட்டு வழக்கு ஒன்றைப் பாருங்கள். ஆங்கிலப் பாடகர் சார்சு ஆரிசன் 1970-இல் வெளியிட்ட 'மை சுவீட் லார்டு' என்னும் பாட்டின் மெட்டு, 1963-இல் அமெரிக்காவில் பெரும்புகழ் பெற்ற வேறொரு பாட்டின் மெட்டே என்று வழக்கெழுந்தது. 1976-இல் நியூயார்க்கு நடுவர் தீர்ப்பளித்தார்: ஆரிசன் அறிந்து திருடவில்லை, முன்பு கேட்டது ஆழ்மனத்திற் கிடந்து, அவரறியாமலே அவர் மெட்டாக வெளிப்பட்டது, ஆயினும் அது படியெடுத்ததே!

ஆம், ஆழ்மனத்தில் எதை நிரப்பினோமோ அதுவே வழியும். நம் பிள்ளைகளின் செவியில் எதை நிரப்புகிறோம்? கருநாடக இசைப் பயிற்சியில் வரிசைகளும் அலங்காரங்களும் முடிந்து அவர்கள் பாடும் முதற் கீதமே தமிழன்று. அதன்பின் ஆண்டுக்கணக்கில் தெலுங்கும் வடமொழியுமே. அச்சொற்களின் குறில் நெடிலும், அடி முடியும் இடமும், மூச்செடுக்கும் இடமும் குருதியில் கலந்துவிடுகின்றன. அவர்களே வளர்ந்து தமிழ்ப்பாட்டுக்கு மெட்டமைக்கும்போது குரல் பழகிய தடத்திலேயே ஓடுகிறது. தமிழ்ச்சொல்லோ நீளக்கூடாத இடத்தில் நீள்கிறது. சேரவேண்டிய இடத்தில் முறிகிறது. உடனே, 'தமிழ் இசைக்கு ஒத்துவராத மொழி' என்று பழி! குற்றம் மொழியினதா, பழக்கத்தினதா?

தென்னாட்டிசையின் வேர் பழந்தமிழிசையே என்று 1917-இல் 'கருணாமிர்த சாகரத்தில்' விரித்துரைத்தார் ஆபிரகாம் பண்டிதர். ஓதுவார் நாவில் தக்கேசியாக ஒலிப்பது மேடையில் காம்போதி. பழம்பஞ்சுரமாக ஒலிப்பது சங்கராபரணம்! பெயரை மறந்தவன் பிறப்பையும் மறப்பான். 1943-இல் சென்னையில் தமிழிசைச் சங்கம் தோன்றியது. தமிழ் மேடையேற வழி பிறந்தது. ஆனால் தொடக்கப் பாடம் மாறவில்லையே!

தமிழ்ப் பெற்றோரே! கச்சேரி முடியும் வேளையில் இரண்டு தமிழ்த் துக்கடாக்களை இரந்து பெற்று மகிழாதீர்கள். உங்கள் பிள்ளைக்கு இசை கற்பிக்கும் ஆசிரியரிடம், முதற்பாட்டு தமிழாகட்டும் என்று உறுதியாகக் கேளுங்கள். தேவாரப் பண்களையும் தாலாட்டையும் தெம்மாங்கையும் முதலில் செவியேற்றுங்கள். நாளை அவர்கள் அறியாமல் முணுமுணுக்கும் மெட்டும் தமிழாகவே இருக்கும்.