ஆமையின் மூச்சொலி

ஆமையை ஊமைப் பிராணி என்று பலரும் எண்ணினாலும், அதனுடன் பழகுவோர் சீறல், முனகல், சொடுக்கொலி எனப் பல ஒலிகளைக் கேட்டிருப்பர். 2022ஆம் ஆண்டு 'நேச்சர் கம்யூனிகேஷன்ஸ்' இதழில் வெளியான கேப்ரியல் ஜோர்கேவிச்-கோஹன் குழுவினரின் ஆய்வு, குரலற்றவை எனக் கருதப்பட்ட 53 உயிரினங்களின் ஒலிகளைப் பதிவு செய்தது. அவற்றுள் 50 ஆமை இனங்கள். ஆயினும், வீட்டில் கேட்கும் ஆமையொலிகளுள் கவலைக்குரியவை பெரும்பாலும் குரல் அல்ல, மூச்சே ஆகும்.

மூச்சு இவ்வாறு ஒலிப்பதன் காரணம் ஆமையின் உடலமைப்பிலேயே உள்ளது. விலா எலும்புகள் ஓட்டுடன் ஒன்றாகிவிட்டதால் அதன் மார்பு விரிந்து சுருங்க இயலாது. பாலூட்டிகளுக்கு உள்ளது போன்ற உதரவிதானமும், அதாவது மார்பையும் வயிற்றையும் பிரிக்கும் தசைத்திரையும், அதற்கு இல்லை. முதுகோட்டின் அடியில் படிந்திருக்கும் நுரையீரலை வயிற்றுத் தசைகளும் கால்களின் அடிப்பகுதித் தசைகளுமே இயக்குகின்றன. ஆகவே, அஞ்சிய ஆமை தலையையும் கால்களையும் சட்டென உள்ளிழுக்கும்போது நுரையீரல் அழுந்தி, காற்று 'உஸ்' என்று வெளியேறுகிறது. இது சினமும் அன்று, நோயும் அன்று. இணைசேரும்போது ஆண் முனகுவதும், உண்ணும்போது அலகுகள் உரசி ஒலிப்பதும் இவ்வாறே இயல்பானவை.

ஓய்ந்திருக்கும் ஆமையிடமிருந்து ஒலி வருமாயின் அது வேறு செய்தி. தொந்தரவு ஏதுமின்றிப் படுத்திருக்கையில் ஒவ்வொரு மூச்சுக்கும் விசில் போன்ற ஒலியோ, சளி குமிழியிடும் ஒலியோ, 'டிக், டிக்' என்ற சொடுக்கொலியோ எழுந்தால் சுவாசத் தொற்றை ஐயுற வேண்டும். மூக்கில் நீர் வடிதல் அல்லது குமிழி தோன்றுதல், கழுத்தை நீட்டி வாய் திறந்து மூச்சு வாங்குதல், உணவை ஒதுக்குதல் ஆகியவை அதன் துணை அறிகுறிகள். (நீர் அருந்தியவுடன் கணநேரம் தோன்றும் குமிழி இதில் சேராது.) மனிதரைப் போல வலுவாக இருமிச் சளியை வெளியேற்ற ஆமையால் இயலாது என்பதால் அது நுரையீரலிலேயே தங்கி நிமோனியாவாக முற்றக்கூடும். நீராமையாயின் ஒருபக்கம் சாய்ந்து மிதப்பதும் அந்நோயைக் காட்டலாம்.

திண்டுக்கல் வட்டாரத்தில் இத்தொற்றுக்கென ஒரு பருவம் உண்டு என்றே கொள்ளலாம். வடகிழக்குப் பருவமழை ஈரத்தையும் கார்த்திகை, மார்கழி இரவுகள் குளிர்ச்சியையும் கொண்டுவருகையில், சிமென்ட் தரையிலோ குளியலறை மூலையிலோ அடைபட்ட ஆமைக்கு உடலைச் சூடேற்றிக்கொள்ள வழியில்லை. புறவெப்பத்தை நம்பி வாழும் அதன் நோயெதிர்ப்பு ஆற்றல், உடல் குளிரும்போது தளர்ந்துவிடுகிறது. திறந்தவெளி வெயில் கிடைக்காவிடில் சுண்ணாம்புச் சத்தை உடல் ஏற்பதும் குறைந்து, ஓடு மென்மையாகிறது. கண்ணாடி வழியே வரும் வெயில் அதற்குப் பயன்படாது. புல்லும் கீரையும் தின்ன வேண்டிய நிலஆமைக்குச் சோறும் பாலும் ரொட்டியும் ஊட்டுவது அன்பெனத் தோன்றினாலும், கேடே விளைவிக்கிறது. வீங்கிய அல்லது குழிவிழுந்த கண்கள், அடியோட்டில் படரும் செம்மை, தொடர்ந்து குறையும் எடை ஆகியவையும் காலம் தாழ்த்தலாகாத அறிகுறிகள்.

மருந்தைப் பொறுத்தவரை ஓர் எச்சரிக்கையை அழுத்திச் சொல்ல வேண்டியுள்ளது. மாட்டுக்கும் நாய்க்கும் ஒட்டுண்ணிகளை ஒழிக்கத் தரப்படும் ஐவர்மெக்டின் ஆமைகளைக் கொல்லவல்லது. கால்நடை வளர்ப்போர் நிறைந்த இப்பகுதியில் மீதமிருக்கும் மருந்தை ஆமைக்கும் கொடுத்துப் பார்க்கும் எண்ணமே எழக்கூடாது. ஆமையைத் தொட்டபின் கைகளைச் சோப்பால் கழுவுவதும் கட்டாயம். நலமாகத் தோன்றும் ஆமையும் சால்மொனெல்லா கிருமியைச் சுமக்கக்கூடும். இக்கிருமியை முன்னிட்டே அமெரிக்கா 1975இல் 4 அங்குலத்துக்குக் குறைந்த ஓடுடைய ஆமைகளின் விற்பனையைத் தடை செய்தது.

இவ்வளவுக்கும் மேலான கேள்வி, அந்த ஆமை வீட்டில் இருக்கலாமா என்பதே. ஆமை புகுந்த வீடு விளங்காது என்ற பழைய நம்பிக்கையும், தொட்டியில் ஆமை இருந்தால் செல்வம் சேரும் என்ற புதிய நம்பிக்கையும் ஆமைக்கு நன்மை செய்யவில்லை. தமிழகத்தின் வறண்ட புதர்க்காடுகளுக்குரிய நட்சத்திர ஆமையும், குளங்களில் வாழும் பாலாமையும் வனஉயிரினப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் உள்ளவை. அவற்றைப் பிடிப்பதும் விற்பதும் வீட்டில் வைத்திருப்பதும் சிறைத்தண்டனைக்குரிய குற்றம். நட்சத்திர ஆமையின் பன்னாட்டு வணிகமும் 2019இல், அருகிவரும் உயிரினங்களின் வணிகத்தை நெறிப்படுத்தும் சைட்ஸ் உடன்படிக்கையின் முதல் பட்டியலில் அது சேர்க்கப்பட்டதால் தடைபட்டது. கடைத் தொட்டிகளில் காணப்படும் சிவப்புக்காது ஆமையோ வட அமெரிக்காவைச் சேர்ந்தது. ஊர்க் குளத்தில் விட்டால் உள்ளூர் ஆமைகளின் இரையையும் இடத்தையும் பறித்துக்கொள்ளும்.

எனவே நோயுற்ற நட்சத்திர ஆமையோ பாலாமையோ கைக்கு வந்தால், அதைக் கரட்டிலோ கண்மாயிலோ விட்டுவிடலாகாது. அதன் தொற்று அங்குள்ள ஆமைகளுக்கும் பரவக்கூடும். காற்றோட்டமுள்ள உலர்ந்த பெட்டியில் வைத்து, அன்றே அருகிலுள்ள வனத்துறை அலுவலகத்தில் ஒப்படையுங்கள்.