ஓசை கேளாத ஓட்டக்காரர்

ஓட்டப் பந்தயத்தில் பின்தங்கியவர் மெதுவாக ஓடியவர்தாம் என்று உறுதியாகச் சொல்ல முடியுமா? சில ஆண்டுகளுக்கு முன் பள்ளி மாணவர்களுக்கான போட்டி ஒன்றைக் கண்ட பிறகு எனக்கு அந்த உறுதி இல்லை.

100 மீட்டர் ஓட்டம். காது கேளாத மாணவன் ஒருவனும் வரிசையில் இருந்தான். துப்பாக்கி வெடித்தது, மற்றவர்கள் பாய்ந்தார்கள். பக்கத்துத் தடத்தில் இருந்தவன் அசைந்ததைக் கண்ட பிறகே இவன் கிளம்பினான். நான்காவதாக வந்தான். “பாவம், நன்றாகத்தான் ஓடினான்” என்றார் அருகிலிருந்தவர். எனக்கோ கணக்குப் போட்டுப் பார்க்கத் தோன்றியது.

ஒரு காட்சியைக் கண்டு உடல் இயங்கத் தொடங்க ஏறத்தாழ 0.2 விநாடி ஆகும். ஆகவே அண்டையில் உள்ளவன் கிளம்பியதைப் பார்த்துக் கிளம்புபவன் அவனைவிட 0.2 விநாடி பிந்துகிறான். விநாடிக்கு 8 மீட்டர் வேகத்தில் ஓடும் ஒருவனுக்கு இது 1.6 மீட்டர் இழப்பு. பரிசு பெறுவதற்கும் பெறாமல் போவதற்கும் இவ்வளவு தூரம் போதாதா?

இனி, கேட்கும் திறன் உள்ளவர்களின் கதையைப் பாருங்கள். ஓடுதடம் ஒன்றின் அகலம் 1.22 மீட்டர். முதல் தடத்துக்கும் எட்டாவது தடத்துக்கும் இடையே சுமார் 8.5 மீட்டர். நம் ஊர் வெயிலில் ஒலி விநாடிக்கு ஏறத்தாழ 350 மீட்டர் செல்லும். எனவே முதல் தடத்தின் அருகே வெடிக்கும் ஓசை கடைசித் தடத்தை அடைய 1/40 விநாடி பிந்துகிறது. இச்சிறு வேறுபாடும் அநீதி என்று கருதித்தான் பெரிய சர்வதேசப் போட்டிகளில் ஒவ்வொரு வீரரின் பின்னாலும் ஒலிபெருக்கி வைக்கிறார்கள். இதை யாரும் சலுகை என்று சொல்வதில்லை. 1/40 விநாடிக்கு அத்தனை ஏற்பாடு என்றால், அதைப் போல் எட்டு மடங்கான 0.2 விநாடிக்கு என்ன ஏற்பாடு செய்திருக்கிறோம்?

வழி இல்லாமல் இல்லை. காது கேளாதோருக்கான உலகப் போட்டிகள் 1924-ஆம் ஆண்டு பாரிஸில் தொடங்கின. இன்று டெஃப்லிம்பிக்ஸ் எனப்படும் அப்போட்டிகளில் விளக்கொளியே ஓட்டத்தைத் தொடங்கி வைக்கிறது. 2022 மே மாதம் பிரேசிலில் நடந்த அப்போட்டியில் மதுரையைச் சேர்ந்த ஜெர்லின் அனிகா 3 தங்கப் பதக்கங்கள் வென்றார். அவர் ஆடியது இறகுப்பந்து. அங்கே துப்பாக்கி ஓசைக்கு வேலை இல்லை என்பதையும் கவனியுங்கள்.

“அவர்களுக்கென்று தனிப் போட்டிகள் இருக்கின்றனவே?” என்று கேட்பார்கள். இருக்கட்டும், அவையும் தேவை. ஆனால் கால்களில் குறையில்லாத ஒருவன் ஊரின் பொதுப் போட்டியில் ஓட விரும்பினால், காதைக் காரணம் காட்டி அவனைத் தடுப்பது எவ்வகையில் நியாயம்? மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் (2016) விளையாட்டில் அவர்கள் பங்கேற்க வசதிகளை மாற்றியமைக்க வேண்டும் என்கிறது.

அந்த மாற்றம் எளியது. ஒரு மின்கலம், ஒரு சாவி, ஓர் ஒலிப்பான், எட்டு விளக்குகள் போதும். விளக்குகளைப் பக்க இணைப்பில் பொருத்துங்கள். ஒன்று பழுதானாலும் மற்றவை எரியும். குனிந்திருக்கும் வீரரின் கண்ணில் படும்படி ஒவ்வொரு தடத்திலும் முன்புறம் தரையில் வையுங்கள். சாவியை அழுத்தினால் ஓசையும் ஒளியும் ஒரே கணத்தில் பிறக்கும். ஒன்று சொல்ல வேண்டும்: ஒளி வேகமானது என்றாலும், நம் உடல் ஓசைக்குச் சற்று விரைவாக எதிர்வினை புரிகிறது; வேறுபாடு சுமார் 0.04 விநாடி. ஆகவே 1.6 மீட்டர் இழப்பு ஏறத்தாழ 30 சென்டிமீட்டராகக் குறையும்; முற்றிலும் மறையாது. எல்லாருமே விளக்கைப் பார்த்துக் கிளம்பினால் அதுவும் மறைந்துவிடும்.

தாமிரபரணிக் கரையில் உள்ள பாளையங்கோட்டையில் 1890-களிலேயே ஃபிளாரன்ஸ் ஸ்வைன்சன் அம்மையார் காது கேளாத குழந்தைகளுக்குக் கல்வி தரத் தொடங்கினார். நூறாண்டுக்கு மேல் அவர்களுக்கு எழுத்தறிவித்த ஊர் இது. ஓடுகளத்தில் ஒரு விளக்கு ஏற்ற இந்த ஊருக்கு முடியாதா? அடுத்த அறிவியல் கண்காட்சிக்கு எரிமலை மாதிரிக்குப் பதிலாக இக்கருவியைச் செய்யுங்கள். கண்காட்சி முடிந்ததும் அதை உங்கள் உடற்கல்வி ஆசிரியரிடம் கொடுங்கள். அதன் பிறகு யார் முதலில் வருகிறார் என்று பார்ப்போம்.