வாக்கி டாக்கி வாங்க லைசென்ஸ் வேண்டுமா? இடையூறு செய்யும் கருவியை எப்படிப் பிடிக்கிறார்கள்?

கொள்ளேகாலில் இருந்து மாதேஸ்வரன் மலைக்குப் போகும் வழியில் இருக்கிறது கௌதள்ளி. இதுபோன்ற காட்டோர ஊர்களில் செல்போன் டவர் எடுக்காத இடங்களுக்கு வாக்கி டாக்கி வசதிதான். ஆனால், ஆன்லைனில் கிடைக்கும் எல்லா வாக்கி டாக்கியும் சட்டப்படி சரியானது கிடையாது.

எதற்கு லைசென்ஸ் வேண்டாம்?

446.0 முதல் 446.2 மெகாஹெர்ட்ஸ் வரை, குறைந்த சக்தியில் இயங்கும் கருவிகளுக்கு 2018-இல் மத்திய அரசு விலக்கு அளித்தது. அதற்கும் 'ஈ.டி.ஏ.' எனப்படும் கருவி ஒப்புதல் கட்டாயம்.

அப்போ என்ன சிக்கல்?

மலிவான பல கருவிகள் 136-174, 400-470 மெகாஹெர்ட்ஸ் என மிகப் பரந்த வரம்பில் வேலை செய்யும். காவல்துறை, வனத்துறை போன்றவற்றின் வயர்லெஸ் அலைவரிசைகளும் இந்த வரம்புகளில் வருகின்றன. ஒரே அலைவரிசையில் இருவர் பேசினால், வலுவான சிக்னல் மற்றதை அமுக்கிவிடும். யானை ஊருக்குள் வருகிறது என்று வனக்காவலர் சொல்லும் நேரத்தில் பக்கத்தில் யாரோ அரட்டை அடித்தால், அந்த எச்சரிக்கை போய்ச் சேராது.

எப்படிக் கண்டுபிடிப்பார்கள்?

இது தொலைத்தொடர்புத் துறையின் வயர்லெஸ் கண்காணிப்பு அமைப்பின் வேலை. சென்னை பெருங்குடியிலும் அதற்கு நிலையம் உண்டு. குறைந்த தூரக் கருவி என்றால் வண்டியில் அந்தப் பகுதிக்கே போக வேண்டும். திசை காட்டும் ஆன்டெனாவால் இரண்டு, மூன்று இடங்களில் இருந்து சிக்னல் வரும் திசையைக் குறிப்பார்கள். கோடுகள் வெட்டிக்கொள்ளும் இடத்தை நெருங்கியதும், கையடக்க ஆன்டெனாவோடு நடந்தே தேடுவார்கள்.

ஆனால், பட்டனை அழுத்திப் பேசும்போது மட்டும்தான் சிக்னல் வரும். பேச்சு நின்றால் தடமும் நின்றுபோகும்.

அதனால்தான் விற்பனையிலேயே கை வைத்தது அரசு. மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2025 மே மாதம் அமேசான், ஃபிளிப்கார்ட், மீஷோ உள்ளிட்ட 13 நிறுவனங்களுக்கு நோட்டீஸ் அனுப்பியது. அலைவரிசை, லைசென்ஸ் விவரம், ஈ.டி.ஏ. ஒப்புதல் ஆகியவற்றைச் சொல்லாமலே விற்றார்கள் என்பது புகார். அதே மாதம் விற்பனைக்கான வழிகாட்டு நெறிகளும் வந்தன.

நீங்கள் என்ன செய்ய வேண்டும்?

வாங்கும் முன் அலைவரிசையையும் ஈ.டி.ஏ. ஒப்புதலையும் பாருங்கள். 'லைசென்ஸ் தேவையில்லை' என்ற விளம்பர வரியை மட்டும் நம்பாதீர்கள். லைசென்ஸ் தேவைப்படும் கருவியை அது இல்லாமல் வைத்திருப்பதே 1933-ஆம் ஆண்டுச் சட்டப்படி குற்றம். தெரியாமல் வாங்கிவிட்டேன் என்று சொல்வதால், அமுங்கிப்போன எச்சரிக்கை திரும்ப வராது.