பொம்மை பஸ்சுக்கு பூசும் இங்க்கை கையில் குத்தலாமா? வீட்டு 'டாட்டூ'வால் பறிபோகும் ராணுவ வேலை!

மேலகரம்:

தென்காசியில் இருந்து குற்றாலம் போகும் வழியில் இருக்கிறது மேலகரம். சாரல் விழுந்து சீசன் களை கட்டிவிட்டால் அருவிக்குப் போகிற கூட்டம் இந்த ஊரைத் தாண்டித்தான் போகும். சட்டையைக் கழற்றிவிட்டு அருவியில் நிற்கும் வாலிபர்களைப் பார்த்தால் தெரியும்... தோளில் சிங்கம், நெஞ்சில் காதலி பேர், கழுத்தில் தேள்!

கடையில் போய் குத்தினால் ஆயிரக்கணக்கில் செலவு. கையில் காசு இல்லாதவன் என்ன செய்வான்? ஒரு தையல் ஊசி, பெட்டிக்கடை இங்க் பாட்டில், கூடவே ஒரு கூட்டாளி. மொட்டை மாடியிலேயே வேலை முடிந்துவிடுகிறது. ஆன்லைனில் மிஷினும் வாங்கலாம். "இதுல என்ன வந்துரப் போகுது?" என்று கேட்பவர்களும் உண்டு. வருவது கொஞ்சநஞ்சம் இல்லை.

பாட்டி கையில் பச்சை

பச்சை குத்துவது நம் ஊருக்குப் புதுசு இல்லை. குற்றாலக் குறவஞ்சி பாடிய திரிகூடராசப்பக் கவிராயர் பிறந்த ஊரே மேலகரம்தான். அந்தக் காலத்தில் குறவர் சமூகப் பெண்கள் குறி சொல்வதோடு, ஊர் ஊராகப் போய் பச்சையும் குத்தினார்கள். மஞ்சளையும் அகத்தி இலையையும் துணியில் சுருட்டி எரித்து, அந்தப் புகைக்கரியைச் சட்டியில் பிடித்து, தண்ணீரிலோ தாய்ப்பாலிலோ குழைத்துக் குத்துவது வழக்கம். குத்தியது கறுப்புக் கரி. ஆனால் தோலுக்கு அடியில் போனதும் வெளிச்சம் சிதறி நீலப் பச்சையாகத் தெரியும். 'பச்சை' என்ற பேரும் அதற்குப் பொருந்திப் போனது.

"பாட்டிக்கு ஒண்ணும் ஆகலையே" என்று சமாதானம் சொல்வது சரியல்ல. அன்றைக்கும் ஒரே ஊசிதான் தெருவுக்கே. யாருக்கு மஞ்சள் காமாலை வந்தது, எதனால் வந்தது என்று கணக்குப் பார்க்க அப்போது ஆள் இல்லை, அவ்வளவுதான்.

எந்த இங்க் எதுக்கு?

பேனா இங்க், ரப்பர் ஸ்டாம்ப் இங்க், பிரிண்டர் இங்க், டிராயிங் இங்க் எல்லாம் பேப்பருக்காகச் செய்தவை. சாதாரண பேனா இங்க் தண்ணீரில் கரைகிற சாயம். தோலுக்குள் போனால் ஒரு இடத்தில் நிற்காது. கசிந்து பரவி, எழுத்து கலங்கிவிடும். டிராயிங் இங்க் கரித்தூள் சேர்த்தது. அது நிற்கும். ஆனால் அதில் அரக்குப் பசையும், கெட்டுப்போகாமல் இருக்க மருந்தும் கலந்திருக்கும். ரத்தத்தோடு சேர வேண்டிய சரக்கே இல்லை.

அதே டிராயிங் இங்க் வேறு ஒரு வேலைக்கு அருமையானது. ஃபோம் ஷீட்டில் அரசு பஸ், லாரி என்று குட்டி மாடல் செய்யும் பசங்களுக்குத் தெரியும். பெயிண்ட் அடித்த புது பஸ் பளபளவென்று பொம்மை மாதிரியே இருக்கும். கறுப்பு, காவி இங்க்கைத் தண்ணீர் விட்டு நீர்க்கக் கரைத்துப் பூசி, துணியால் துடைத்தால் இடுக்குகளில் மட்டும் அழுக்கு நிற்கும். சக்கரத்துக்குப் பக்கத்தில் சேறு, ஜன்னலுக்குக் கீழே மழைத் தண்ணீர் வழிந்த கோடு, போல்ட்டைச் சுற்றித் துரு... பத்து வருஷம் ஓடிய வண்டி மாதிரியே ஆகிவிடும். பிடிக்கவில்லையா? மறுபடி பெயிண்ட் அடித்துக் கொள்ளலாம். கைக்கு மறு பெயிண்ட் கிடையாது!

ஊசியும் தண்ணியும்

டாட்டூ ஊசி தோலின் மேல் அடுக்கைத் தாண்டி, ரத்தக் குழாய் இருக்கும் அடுத்த அடுக்குக்குப் போகிறது. ஒருவரைக் குத்திய ஊசியால் அடுத்தவரைக் குத்தினால் ஹெபடைடிஸ் பி, சி, எச்.ஐ.வி. எல்லாம் பரவ வழி உண்டு. ஹெபடைடிஸ் பி கிருமி காய்ந்த ரத்தத்தில் 7 நாள் வரை உயிரோடு இருக்கும். தீக்குச்சியில் காட்டினால், டெட்டாலில் நனைத்தால் ஊசி சுத்தமாகிவிடாது. ஊசியை மாற்றினாலும், ரெண்டு பேரும் ஒரே மூடி இங்க்கில் தொட்டால் அதே கதைதான்.

தண்ணீர் கூட வம்பு செய்யும். 2011-ல் அமெரிக்காவின் நியூயார்க் மாநிலத்தில் டாட்டூ குத்திய 19 பேருக்கு தோலில் தடிப்பு வந்தது. ஆராய்ந்து பார்த்தால், சாம்பல் நிற இங்க்கில் இருந்த கிருமிதான் காரணம் என்று தெரிந்தது; அதில் கலந்த தண்ணீர் வழியாக அது வந்திருக்கலாம் என்று சந்தேகிக்கப்பட்டது. கம்பெனி பாட்டிலுக்கே அந்தக் கதி என்றால், மொட்டை மாடி குழாய்த் தண்ணிக்கு யார் பொறுப்பு?

கடைக்குப் போனால் மட்டும்?

கடை என்றாலே பத்திரம் என்றும் சொல்ல முடியாது. 2024 டிசம்பரில் திருச்சியில், டாக்டர் படிப்பு இல்லாமலேயே நாக்கை ரெண்டாகப் பிளந்து விட்ட டாட்டூ கடைக்காரரும் உதவியாளரும் கைதானார்கள். கடைக்கு மாநகராட்சி சீல் வைத்தது. 2025-ல் கர்நாடகத்தில் டாட்டூ இங்க்கை அரசு பரிசோதித்ததில் ஆர்செனிக், குரோமியம் உள்பட 22 உலோகங்கள் இருந்ததாகத் தெரியவந்தது. டாட்டூவுக்குக் கட்டுப்பாடு வேண்டும் என்று மத்திய அரசுக்கு எழுதப் போவதாக அந்த மாநில சுகாதார மந்திரி அறிவித்தார். ஐரோப்பிய யூனியனோ 2022-லேயே டாட்டூ இங்க்கில் கலக்கும் ஆயிரக்கணக்கான ரசாயனங்களுக்குக் கடிவாளம் போட்டுவிட்டது.

மைதானத்தில் விழும் அடி

நோயை விடுங்கள். வேலைக்கு என்ன வழி? தென்காசி சுற்று வட்டாரத்தில் விடிகாலை ரோட்டில் ஓடிப் பழகும் பையன்களுக்கு ராணுவம்தான் கனவு. ராணுவ விதிப்படி முன்கையின் உள்பக்கத்திலும், புறங்கையிலும் மட்டுமே நிரந்தர டாட்டூவுக்கு அனுமதி. அரசு பட்டியலில் உள்ள பழங்குடியினருக்குத்தான் வழக்கப்படி விலக்கு. துணை ராணுவத்திலோ சல்யூட் அடிக்கும் வலது கையில் இருக்கவே கூடாது. இடது முன்கையிலும் அளவு பார்ப்பார்கள். ஓட்டம் உள்பட எல்லாவற்றிலும் ஜெயித்த பையன், 17 வயசில் கூட்டாளி குத்திய தேளால் வெளியே வர வேண்டியதுதான்.

லேசரில் அழிக்கலாமே என்றால், ஒரே தடவையில் போகாது. பல வாரம் இடைவெளி விட்டு பல தடவை போகணும். குத்திய செலவைப் போல பல மடங்கு ஆகும். தழும்பும் நிற்கலாம். டாட்டூ குத்தினால் ஒரு வருஷத்துக்கு ரத்த தானமும் செய்ய முடியாது. அவசரத்துக்கு அம்மாவுக்கே ரத்தம் தேவைப்பட்டாலும் வரிசையில் நிற்க முடியாது.

குத்தியாச்சு... இனி என்ன?

திட்டி, அடித்து பலன் இல்லை. அடித்தால் பையன் புண்ணை மறைப்பான். மறைத்தால் சீழ் வைக்கும். சிவப்பு பரவினாலோ, காய்ச்சல் வந்தாலோ உடனே ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போகணும். டி.டி. ஊசி போடணும். அடுத்தவர் ஊசியில் குத்தியிருந்தால் 72 மணி நேரத்துக்குள் போவது முக்கியம், எச்.ஐ.வி. தடுப்பு மாத்திரைக்கு அதுதான் கெடு. நாள் கடந்திருந்தாலும் அரசு ஆஸ்பத்திரி 'நம்பிக்கை மையத்தில்' இலவசமாக டெஸ்ட் எடுக்கலாம். பேர், விவரம் வெளியே போகாது. ஹெபடைடிஸ் பி-க்கு தடுப்பூசி இருக்கிறது. ஹெபடைடிஸ் சி வந்தாலும், பெரும்பாலும் 12 வாரம் மாத்திரை சாப்பிட்டால் குணமாகிவிடும். 2018-ல் தொடங்கிய மத்திய அரசுத் திட்டத்தில் மருந்து இலவசம்.

வீட்டு மேஜையில் இங்க் பாட்டிலைப் பார்த்ததும் பிடுங்கிப் போட வேண்டாம். பக்கத்தில் ஃபோம் ஷீட் பஸ் நின்றால், பையன் கைவேலைக்காரன்; சந்தோஷப்படலாம். பக்கத்தில் ஊசி கிடந்தால்... அன்றைக்கே உட்கார வைத்துப் பேசிவிடுவது நல்லது!